சீஸுக்கு ஒரு நாள், பிராந்திக்கு ஒரு நாள். நம் சட்டிக்கு எந்த நாள்?

ஜூன் 4ஆம் தேதி அமெரிக்காவில் ‘தேசிய சீஸ் நாள்’. அதே தேதியில்தான் ‘தேசிய கோன்யாக் நாளும்’ வருகிறது. கோன்யாக் என்றால் வேறொன்றுமில்லை, பிராந்திதான். பிரான்சின் தென்மேற்கில், கோன்யாக் என்ற ஊரைச் சுற்றி விளையும் திராட்சையில் செய்த ஒயினைச் செம்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி வடித்து, குறைந்தது 2 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்து எடுப்பது. அன்றைக்குச் சமூக ஊடகங்களைத் திறந்தால் போதும். மரப்பலகையில் அடுக்கிய சீஸ் துண்டுகள், பக்கத்தில் வயிறு பெருத்த கண்ணாடிக் கோப்பையில் பொன்னிறப் பிராந்தி. இப்போது நம் ஊர் நட்சத்திர ஓட்டல்களின் பக்கங்களிலும் இந்தப் படங்களைப் பார்க்கிறேன்.

உணவுக்கும் சாதிக்கும் உள்ள உறவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். இப்படியான உணவு நாட்களைக் குறித்து வைப்பது அதன் ஒரு பகுதி. “சீஸ் திங்கிறதுல என்ன தோழர் சாதி இருக்கு?” என்று விடுதி நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒருவர் சீஸ் தின்பதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, நானும் தின்பேன். ஆனால் ஓர் உணவுக்கு நாள் குறித்துக் கொண்டாடுவது வேறு காரியம். எந்த உணவுக்கு நாள் கிடைக்கிறது, யார் குறிக்கிறார்கள், எந்த உணவு அந்த நாட்காட்டிக்குள் நுழையவே முடிவதில்லை என்று கேட்கத் தொடங்கினால், பதில் நேராக நம் தெருவுக்கு வந்து நிற்கிறது.

முதலில், யார் குறிக்கிறார்கள்? இந்தத் ‘தேசிய’ நாட்களில் பெரும்பாலானவற்றை எந்த நாடாளுமன்றமும் சட்டம் போட்டு அறிவிக்கவில்லை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மாண்டன் என்ற சிற்றூரிலிருந்து 2013 முதல் ‘தேசிய நாள் நாட்காட்டி’ என்ற நிறுவனம் இயங்குகிறது. நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு நாட்களைப் பதிவு செய்து அறிவிப்பது அதன் தொழில். அதற்கு முன்பே பால் வியாபாரிகள் இந்த வித்தையைக் கற்றிருந்தார்கள். 1937இல் அமெரிக்காவில் ‘தேசிய பால் மாதம்’ தொடங்கப்பட்டது. பிறகு அதுவே ‘ஜூன் பால்பொருள் மாதம்’ ஆனது. ஏன் ஜூன்? அந்த மாதத்தில்தான் புல் செழித்து, பசுக்கள் அதிகம் கறந்து, பால் விற்காமல் தேங்கும். தேங்கிய பாலை மக்கள் தலையில் கட்ட ஒரு கொண்டாட்டம் தேவைப்பட்டது. சீஸ் நாளும் அதே ஜூனில்தான் வருகிறது.

சீஸும் பிராந்தியும் பிறந்த கதையே மிகையின் கதைதான். குடித்தது போக மிஞ்சிய பால் கெட்டுப்போகாமல் இருக்கச் சீஸ். விற்றது போக மிஞ்சிய ஒயின், கப்பலில் போனால் புளித்துவிடும் ஒயின், கெடாமல் இருக்கப் பிராந்தி. ‘பிராந்தி’ என்ற சொல்லே ‘எரித்த ஒயின்’ என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. மிஞ்சியதைச் சேமிக்கும் அறிவு எல்லா மக்களுக்கும் உண்டு. நம் கருவாடும் உப்புக்கண்டமும் அந்த அறிவில் பிறந்தவைதான். எனவே மிகையில் பிறந்தது என்பதால் எந்த உணவும் தாழ்ந்துவிடாது. கேள்வி வேறு: அந்த மிகை மேலே போகும்போது விருந்தாகவும், கீழே தள்ளப்படும்போது எச்சமாகவும் மாறுவது எப்படி?

சீஸையே எடுத்துக்கொள்வோம். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசு பால் பண்ணையாளர்களைக் காக்க அதிக விலை கொடுத்துப் பால்பொருட்களை வாங்கிக் குவித்தது. 1981 வாக்கில் 50 கோடி பவுண்டுக்கு மேல் சீஸ் அரசுக் கிடங்குகளில் தேங்கியிருந்தது. பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. அந்த டிசம்பரில் அதிபர் ரொனால்ட் ரீகன் அதில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க உத்தரவிட்டார். 5 பவுண்டு எடையுள்ள மஞ்சள் கட்டிகள். வரிசையில் நின்று வாங்க வேண்டும். ‘அரசு சீஸ்’ என்று அதற்குப் பெயர் வந்தது.

இதே ரீகன் 1976 தேர்தல் பிரச்சாரத்தில், அரசு உதவியில் சொகுசாக வாழும் ஒரு சிகாகோ பெண்ணின் கதையை மேடைக்கு மேடை சொன்னவர். ‘உதவித்தொகை ராணி’ என்ற வசைச்சொல் அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லைக் கேட்டவர்களின் மனக்கண்ணில் வந்தது ஒரு கறுப்பினப் பெண். அவர் ஆட்சியில் நலத்திட்டங்களுக்கான நிதி வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் சீஸ் கட்டி வைக்கப்பட்டது. ஓட்டல் பலகையில் சீஸ் தின்றவர் ரசனை உள்ளவர் ஆனார். அரசு சீஸ் வாங்கித் தின்ற கறுப்பினக் குழந்தை, வெள்ளை ஏழைக் குழந்தை, பூர்வகுடிக் குழந்தை எல்லாம் பள்ளியில் அதை மறைக்க வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறை பின்னாளில் ராப் பாடல்களில் அந்தச் சீஸை வறுமையின் அடையாளமாகப் பாடியது. அதே ரீகன் 1984 ஜூலையைத் ‘தேசிய ஐஸ்கிரீம் மாதம்’ என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார். அதுவும் பால்தான். ஒரே பால், ஒரு பக்கம் அரசுப் பிரகடனம், மறுபக்கம் தலைகுனிவு.

இனி பிராந்தி. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி திராட்சைக்கும் ஒயினுக்கும் பெயர் போனது. அங்கே அளவுக்கு மீறி ஒயின் உற்பத்தியாகி விலை விழுந்தபோது, 1918இல் வெள்ளைப் பண்ணையாளர்கள் கே.டபிள்யூ.வி. என்ற கூட்டுறவை அமைத்தார்கள். மிகை ஒயினை வாங்கி, காய்ச்சி வடித்து, பிராந்தியாக்கி விலையைக் காப்பாற்றியது அது. இன்றும் அந்தப் பிராந்தி உலக அளவில் பரிசுகள் வாங்குகிறது.

அதே தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அடிமைகளின் வழி வந்தவர்களும், நிலம் பறிக்கப்பட்ட கொய்சான் பூர்வகுடிகளின் வழி வந்தவர்களும். அவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதி மட்டமான ஒயினாகவே கொடுக்கப்பட்டது. காலையில் ஒரு குவளை, வேலைக்கு நடுவே சில குவளைகள், மாலையில் ஒரு குவளை. இதற்கு ‘டாப்’ முறை என்று பெயர். 1960களின் தொடக்கத்தில் சட்டம் இதைத் தடை செய்தது. தோட்டங்களில் அதன் பிறகும் நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் ஒன்றாக அந்த மாகாணம் இன்றும் இருக்கிறது. வாரிசு வாரிசாகக் குடிக்கப் பழக்கிவிட்டு, “இந்தச் சனங்களே குடிகாரர்கள்” என்று சொன்னவர்களும் அந்தப் பண்ணையாளர்கள்தான்.

இந்த வசனத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

தமிழ்நாட்டில் அரசே சில்லறை மது வியாபாரத்தை 2003 முதல் தன் கையில் வைத்திருக்கிறது. 2023-24ஆம் நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இங்கே பிராந்திக்குக் கிராக்கி அதிகம். ஆனால் குவார்ட்டர் பாட்டிலில் விற்கும் நம் பிராந்தி பெரும்பாலும் திராட்சையைப் பார்த்ததில்லை. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. சர்க்கரை மேலே போனது, கழிவுப்பாகு கீழே வந்தது. அதைக் குடிப்பவர் கட்டடக் கூலியும் துப்புரவுத் தொழிலாளியும் சுமை தூக்குபவரும். அவர்களுக்குப் பொன்னிறக் கோப்பை கிடையாது, பிளாஸ்டிக் தம்ளர்தான். நாளும் கிடையாது, ‘குடிமகன்’ என்ற கிண்டல்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலித் மக்கள் செறிந்து வாழும் பகுதி அது; இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கவும் காசு பத்தாதவர்கள். குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்ததும், “குடித்துச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?” என்று சமூக ஊடகத்தில் கிளம்பிய ஏளனத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். அதே மாதம் 4ஆம் தேதி பிராந்தி நாள் வாழ்த்துகள் ஓடிய அதே திரையில்தான் அந்த ஏளனமும் ஓடியது. ஒருவர் குடித்தால் அது பண்பாடு, இன்னொருவர் குடித்தால் அது அவர் சாதியின் குணம். மதுவால் நம் வீடுகள் அழிவதை நான் மறைக்கவில்லை. நம் பெண்கள் கடை முன்னால் மறியல் செய்தது அதற்காகத்தான். நான் சொல்வது, குடியின் கேட்டைப் பேசும் வாய்கள் யாரைப் பார்த்து மட்டும் பேசுகின்றன என்பதை.

சீஸும் பிராந்தியும் ஒரே பொருளில் சேர்ந்த ஓர் அதிசயமும் உண்டு. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் எப்வாஸ் என்ற சீஸ் செய்கிறார்கள். பழுக்கும் காலத்தில் அதன் தோலை உப்புநீராலும், ‘மார்’ என்ற பிராந்தியாலும் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். மார் என்பது ஒயினுக்குச் சாறு எடுத்த பிறகு மிஞ்சும் திராட்சைச் சக்கையை வடித்தது. இப்படிக் கழுவிப் பழுக்கவைத்த சீஸ் ஊரைக் கூட்டும் நாற்றம் அடிக்கும். அந்தத் தோலில் வளரும் நுண்ணுயிரியின் இனம்தான் மனிதப் பாதத்தின் நாற்றத்துக்கும் ஒரு காரணம். ஆனாலும் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. 1991இல் பிரெஞ்சு அரசு அதற்குத் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. ‘நாற்றம்தான் அதன் பெருமை’ என்று உணவு எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

ஆய்வுக்காகச் சென்னைக்கு வந்த புதிதில் நான் வாடகைக்கு வீடு தேடினேன். ஓர் இடத்தில் எல்லாம் பேசி முடிந்து முன்பணம் கொடுக்கும் நேரத்தில், வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: “நான்வெஜ் செய்வீங்களா? சிக்கன், மட்டன் பரவாயில்ல. கருவாடு, அந்தக் கறி எல்லாம் வேண்டாம், வாடை வரும்.” ‘அந்தக் கறி’ என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் என் ஊர், என் தெரு, என் பெயர் எல்லாவற்றையும் அவர் கேட்டுவிட்டார். வாடை என்பது மூக்கின் பிரச்சனையாக இருந்தால் எப்வாஸுக்கு உலகத்தில் எங்கேயும் வீடு கிடைக்காது. எங்கள் வீட்டில் அம்மா மாட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கோத்து வெயிலில் காயப்போடுவார். மழைக்காலத்தில் வேலை இல்லாத வாரங்களை அந்த உப்புக்கண்டம்தான் கடத்தியது. சீஸ் செய்யும் அதே வேலையை, மிஞ்சியதைக் கெடாமல் வைக்கும் வேலையை, அந்தக் கொடி செய்தது. அதற்குப் பெயர்ப் பாதுகாப்பு இல்லை. அது தொங்கும் வாசலுக்கு ஒரு பெயர் மட்டும் உண்டு.

மாட்டுக்கறி வேண்டாம் என்று சொல்லும் அதே வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சீஸ் இருக்கும். இங்கேதான் கதை இன்னும் சுவாரசியமாகிறது. சீஸ் எப்படி உறைகிறது? பாலை உறையவைக்க ஐரோப்பியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியது ரென்னட். பால்குடி மறக்காத கன்றை அறுத்து, அதன் நான்காவது இரைப்பையிலிருந்து எடுப்பது. இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ சீஸுக்குக் கன்றின் ரென்னட்தான் சேர்க்க வேண்டும் என்பது இன்றும் விதி. சீஸ் நாளில் பாஸ்தா மேல் துருவிப்போட்டுப் படம் போடுபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்திய விதி வேறு. இங்கே தயாராகும் சீஸுக்கு விலங்கிலிருந்து எடுத்த ரென்னட் கூடாது. 1990இல் அமெரிக்கா ஒரு புது வழிக்கு அனுமதி தந்தது: கன்றின் இரைப்பையில் உள்ள கைமோசின் என்ற நொதியின் மரபணுவை நுண்ணுயிருக்குள் செலுத்தி, தொட்டியில் அந்த நொதியை வளர்த்தெடுப்பது. உலகச் சீஸில் பெரும்பகுதி இன்று அப்படித்தான் உறைகிறது. அறிவியலாக எனக்கு அதில் மகிழ்ச்சியே, கன்றுகள் பிழைத்தன. ஆனால் கன்றின் மரபணுவைப் படியெடுத்த நொதி ‘சைவம்’ ஆகிவிடுகிறது. கன்றின் குடலைக் கழுவிக் குழம்பு வைக்கும் என் பெரியம்மா ‘தீட்டு’ ஆகிவிடுகிறார். தூய்மை என்பது பொருளில் இல்லை, தொடும் கையின் சாதியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

பால் வேண்டுமென்றால் பசுவோ எருமையோ ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் பாதி காளை. கறவை வற்றிய மாடும் ஒரு நாள் சாகும். உலகிலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. உலகின் முன்னணி எருமைக்கறி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றும் இந்தியாதான். இரண்டும் ஒரே தொழுவத்தின் இரண்டு வாசல்கள். முன்வாசலில் பாலும் வெண்ணெயும் சீஸும் வெளியே வரும், அங்கே ஆரத்தி. பின்வாசலில் செத்த மாடும் தோலும் கறியும் போகும், அங்கே நாம் நிற்கிறோம். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை அரை நிர்வாணமாக்கிக் கட்டிவைத்து அடித்தார்கள். வெண்மைப் புரட்சியின் தாய்வீடு என்று சொல்லப்படும் அதே மாநிலம். அடிபட்ட மக்கள் என்ன செய்தார்கள்? செத்த மாடுகளை ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் மாட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்றார்கள்.

நவம்பர் 26ஆம் தேதியை இந்தியாவில் 2014 முதல் ‘தேசிய பால் நாள்’ என்று கொண்டாடுகிறார்கள். வெண்மைப் புரட்சியின் தந்தை வர்கீஸ் குரியன் பிறந்த நாள் அது. 1970இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு முதலீடாக அமைந்ததும் ஐரோப்பாவில் மிஞ்சிக்கிடந்து நன்கொடையாக வந்த பால் பவுடரும் வெண்ணெய்க் கொழுப்பும்தான். அதே நவம்பர் 26தான் 1949இல் அரசியலமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட நாள். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு ஏற்கப்பட்ட நாள். இரண்டு நாளும் ஒரே தேதியில் வருவது தற்செயல். ஆனால் அன்றைக்குப் பால் குடிக்கும் நாடு, செத்த மாட்டைத் தூக்குபவருக்கு அந்தப் பிரிவு எட்டியதா என்று கேட்பதில்லை. இது தற்செயல் இல்லை.

“சரி தோழர், அப்படியென்றால் நாமும் ஒரு நாள் குறித்துக் கொண்டாடிவிட்டுப் போகலாமே?” குறித்தோம். 2012 ஏப்ரல் 15, அம்பேத்கர் பிறந்த நாளுக்கு மறுநாள், ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் மாட்டுக்கறித் திருவிழா நடத்தினார்கள். விடுதிச் சாப்பாட்டுப் பட்டியலில் எங்கள் உணவும் இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பிரியாணி வெந்தது, கல்லும் பறந்தது. ஒரு மாணவர் கத்தியால் குத்தப்பட்டார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தித் தின்னவைக்கவில்லை. தாங்கள் தின்பதைத் தாங்களே தின்றார்கள், அதுவும் வெளிச்சத்தில். அந்த வெளிச்சம்தான் குற்றம்.

தமிழ்நாடு வேறு, பெரியார் மண் என்று நாம் சொல்லிக்கொள்வோம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர் என்றால் பிரியாணி, ஆம்பூர் என்றால் தோல் தொழிற்சாலை. மாட்டின் தோல் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. அந்தத் தொழிலில் தலித்துகளும் இசுலாமியர்களும் உழைக்கிறார்கள். ஆனால் அரசு நடத்தும் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. வெளியே கடை போட்டு இலவசமாகவே கொடுப்போம் என்று இயக்கங்கள் அறிவித்தன. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். இதை ஏன் சாதியப் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று விளக்கம் கேட்டு, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு அறிவிக்கை அனுப்பியது. தோலுக்கு ஏற்றுமதி விருது உண்டு, கறிக்கு ஒரு பந்தல் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் எழலாம். 1927இல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டின் கறியை உண்ணாதீர்கள் என்றுதானே சொன்னார்? ஆம், சொன்னார். அதோடு, வீசியெறியும் எச்சிலுக்காகக் கையேந்தாதீர்கள் என்றும் சொன்னார். 1948இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள் யார்?’ நூலில் மாட்டுக்கறியைத் தீண்டாமையின் வேரோடு இணைத்து ஆராய்ந்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். அவர் எதிர்த்தது கறியை அல்ல. எங்கள் மிச்சம்தான் உன் உணவு என்று ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தின் தட்டை முடிவு செய்வதை எதிர்த்தார். அரசு சீஸ் கட்டி, கேப் தோட்டத்து ஒயின் குவளை, செத்த மாடு மூன்றும் அந்த ஒரே தர்க்கத்தில் வந்தவை: மிகை எங்கள் கையில், மிச்சம் உன் வாயில், அவமானமும் உன் மேல். என்ன தின்பது, எப்போது தின்பது, எதைப் பெருமையாகச் சொல்வது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை அதற்கான பதில். ஒருவர் மாட்டுக்கறியை விரும்பித் தின்னலாம், விட்டும்விடலாம். இரண்டும் அவர் முடிவாக இருக்க வேண்டும்.

ஆகவே சீஸ் நாளில் சீஸ் தின்னும் தோழர்களை நான் விரட்டப் போவதில்லை. தின்னுங்கள், பிடித்திருந்தால் எப்வாஸும் தின்னுங்கள். ஆனால் தனிப்பட்ட தட்டை விட்டுவிட்டு, பொதுப் பந்தலைப் பிடியுங்கள். ஓட்டல்காரர் தன் காசில் என்ன நாளையும் கொண்டாடட்டும். அரசு நடத்தும் உணவுத் திருவிழா நம் வரிப்பணம். அந்த வரிப்பணத்தில் கருணாபுரத்துக்காரர்கள் வாங்கிய ஒவ்வொரு குவார்ட்டரின் பணமும் இருக்கிறது. பல்கலைக்கழக விடுதியும், அரசு விருந்தினர் மாளிகையும், மாவட்ட நிர்வாகத்தின் சுற்றுலா விழாவும் அப்படித்தான். அங்கே எந்த அடுப்பு எரியலாம், எது எரியக் கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் மூக்கு முடிவு செய்யும் விஷயம் இல்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஆம்பூர் சர்ச்சை நடந்த அதே 2022 ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் அரசு உணவுத் திருவிழா நடத்தியது. முதலில் மாட்டுக்கறி இல்லை. ஏன் இல்லை என்று கேள்வி எழுந்தது, கடைகள் சேர்க்கப்பட்டன. வானம் இடிந்து விழவில்லை. வரிசையில் நின்று வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். உங்கள் மாவட்டத்தில் அடுத்த உணவுத் திருவிழாவுக்குச் சுவரொட்டி ஒட்டியதும், கடைகளின் பட்டியலை எழுத்துமூலம் கேளுங்கள். பட்டியலில் மாட்டுக்கறி இல்லையென்றால் ஏன் என்று எழுத்துமூலம் பதில் கேளுங்கள். பதிலை இங்கே அனுப்புங்கள், சேர்த்து வைப்போம்.